தோல்வியின் இலக்கணம்

வாரணாசியிலோ கோலாப்பூரிலோ பழைய தில்லியிலோ குடியிருக்கும் தமிழர் பலர், விடியற்காலையில் வெளியே செல்லும்போது வழியில் ஓர் அகாடாவைக் கண்டிருப்பர். சுவரில் ஓர் அனுமன் படம். அதன் எதிரே கிளறிப் பதமாக்கிய மண்குழி. அதனுள் இலங்கோடு மட்டும் அணிந்த இளைஞர் இருவர் ஒருவர் கழுத்தை ஒருவர் பற்றியபடி நிற்பர். இந்தக் குழியைத்தான் நம் ஊரில் கோதா என்கிறோம். தேர்தலுக்கு நிற்பவரைக்கூடக் கோதாவில் இறங்கினார் என்று எழுதுகிறோம். தோற்றவன் மண்ணைக் கவ்வினான் என்கிறோம். ஆனால் அந்தக் குழியில் உண்மையாகவே மண்ணைக் கவ்விக் கிடப்பவன் தோற்றவன் அல்லன். குப்புறக் கிடக்கும் வரையில் அவன் ஆட்டத்தில் இருக்கிறான். மல்லாந்து இரண்டு தோள்களும் மண்ணில் பட்டால்தான் அவன் கதை முடிந்தது. வடக்கே அதைச் 'சித்' என்பர். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பவனைக் கண்டு நாம் நகைக்கிறோம். குஸ்தியின் சட்டப்படி பார்த்தால் அவன் வழக்கிலும் நியாயம் இருக்கிறது!

உலகத்துப் போர்க்கலைகளை ஒப்பிடப் புகுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். குத்துச்சண்டைக்காரனும் மல்லனும் மோதினால் வெல்பவன் யார்? ஜப்பானியனின் ஜூடோ பெரிதா, நம் குஸ்தி பெரிதா? பள்ளிச் சிறுவர்களுக்கு இது சுவையான வாதம். ஆனால் இதற்கு விடை கிடைப்பதில்லை. ஏனெனில், இருவரும் ஒரே களத்தில் இறங்க வேண்டுமானால் முதலில் தோல்வி என்றால் எது என்பதில் இருவரும் உடன்பட வேண்டும். அங்கேதான் நாடுகள் வேறுபடுகின்றன. வெற்றி எங்கும் ஒருவாறாகவே இருக்கிறது. எந்தக் கணத்தில் கையை நிறுத்த வேண்டும், யார் நிறுத்தச் சொல்வது, வீழ்ந்தவனை அடிக்கலாமா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு மக்களும் வகுத்துக்கொண்ட விடை வேறு. அந்த விடைகளில் சிலவற்றையே நாம் இங்கே காணப் போகிறோம்.

இந்தத் தகராறு நமக்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு பொருத செய்தியைப் புறநானூறு பாதுகாத்து வைத்திருக்கிறது. சாத்தந்தையார் பாடிய பாட்டில், கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பிலும் மற்றொரு கால் அவன் முதுகுப்புறத்திலும் நின்ற நிலையைக் காண்கிறோம். பிடியை நேரில் கண்டவரே அப்படிச் சொல்ல முடியும். அவனிடம் காதல் கொண்ட நக்கண்ணையார் பாடிய பாட்டோ நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. கிள்ளிக்கு அது சொந்த ஊர் அன்று. ஆகவே கூடியிருந்தவர்களில் ஒரு சாரார் வெற்றி அவனுடையது என்றனர். மற்றொரு சாரார் இல்லை என்றனர். வீட்டில் ஒரு பனையின் அருகே நின்றபடி தாம் அவன் வென்றதைக் கண்டதாக அந்தப் புலவர் கூறுகிறார். எந்த விதியை வைத்து அந்த ஊரார் இரு கட்சியாகப் பிரிந்தனர் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. இருந்தாலும், கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆர்ப்பரிக்கும் அந்தக் காட்சியை இன்றும் எந்த விளையாட்டரங்கிலும் காணலாம்.

கிரேக்கரிடம் செல்வோம். ஒலிம்பியாவில் மற்போர் ஒன்று இருந்தது; அதில் எதிரியை மும்முறை வீழ்த்தியவன் வென்றான். குத்துச்சண்டை தனியாக இருந்தது. இவ்விரண்டும் கலந்த பங்கிராத்தியம் என்னும் போர் கி.மு. 648-இல் ஒலிம்பியாவில் சேர்க்கப்பட்டது. கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் மட்டுமே அதில் விலக்கு. அடித்தல், உதைத்தல், கழுத்தை நெரித்தல், மூட்டை முறுக்குதல் யாவும் தகும். காலவரையறை கிடையாது. இரண்டு பேரில் ஒருவன் கையை உயர்த்தி, நான் தோற்றேன் என்று சைகை காட்டும் வரையில் போர் நடக்கும். அதாவது, தோல்வியை உரைக்கும் உரிமை தோற்பவனிடமே இருந்தது.

இதன் விளைவு என்ன ஆயிற்று என்பதற்குப் பிகாலியா நகரத்து அரிகியோன் சான்று. இரண்டு முறை முடி சூடிய அவர், கி.மு. 564-இல் மூன்றாவது முறையாகக் களம் இறங்கினார். எதிரி அவரைக் கால்களால் பின்னிக்கொண்டு கழுத்தை நெரித்தான். மூச்சுத் திணறிய நிலையிலும் அரிகியோன் அவனுடைய கால்விரல் ஒன்றை முறித்தார் என்று பாசேனியாஸ் எழுதுகிறார். வலி தாளாமல் எதிரி தோல்வியை ஒப்புக்கொண்ட அதே கணத்தில் அரிகியோனின் உயிர் பிரிந்தது. நடுவர்கள் சற்றும் தயங்கவில்லை. கை உயர்த்தியவன் தோற்றான், உயர்த்தாதவர் வென்றார், பிணத்துக்கு முடி சூட்டினர். அவருடைய ஊரார் சந்தைவெளியில் அவருக்குச் சிலையும் நிறுவினர். இதை வீரத்தின் உச்சம் என்று போற்றியவர் பலர். நமக்கோ, உயிர் போன பிறகும் பிழையின்றி நடந்த அந்தச் சட்டத்தைக் கண்டு அச்சமே மிகுகிறது.

ஸ்பார்ட்டர்கள் இதைக் கண்ட விதம் வேறு. கை உயர்த்தித் தோல்வியை ஒப்ப வேண்டிய போட்டிகளில் தம் மக்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று லைக்கர்கஸ் விதித்ததாகப் புளூட்டார்க் கூறுகிறார். போருக்கு அஞ்சாத அந்த மக்கள், தோற்றேன் என்ற சொல் பழகிவிடுமோ என்று அஞ்சினர்! ஒரு நாட்டின் வீரர்களை அறிய அவர்களுடைய வாளைப் பார்ப்பதைவிட இந்தத் தடையைப் பார்ப்பது பயன் தரும்.

இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் வெறுங்கைக் குத்துச்சண்டை பணயம் வைத்து நடந்துவந்தது. 1743-இல் ஜாக் பிராட்டன் என்ற சண்டைக்காரர் தம் அரங்குக்கென்று சில விதிகளை எழுதினார். வீழ்ந்தவனை அடிக்கக் கூடாது. முழங்காலில் நிற்பவனும் வீழ்ந்தவனே. விழுந்தவனை அவன் துணைவர்கள் அரை நிமிடத்துக்குள் களத்தின் நடுவே மீண்டும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தவறினால் அவன் தோற்றவன். கிரேக்கருடைய முறைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நோக்குக. தோல்வி இங்கே சண்டைக்காரனின் வாயிலிருந்து கடிகாரத்தின் முள்ளுக்கு மாறிவிட்டது.

ஆயினும் அரை நிமிட ஓய்வு என்பது இரு முனையும் கூரான கத்தி. களைத்தவன் இலேசான அடிக்கே கீழே விழுந்து ஓய்வு பெறலாம். வலிய விழுவது குற்றம் என்று பிற்கால விதி கூறியபோதும் வழக்கம் நின்றபாடில்லை. எனவே சண்டைகள் நீண்டுகொண்டே சென்றன. அமெரிக்காவில் 1889 ஜூலை 8-ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்து ரிச்பர்க்கில், ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் கடுவெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோதினர். 75 சுற்றுகள் நடந்தன. கில்ரெயின் நிறுத்த இசையவில்லை. மேலும் நடந்தால் ஆள் இறந்துபோவான் என்று அஞ்சிய அவருடைய துணைவர், நீர் ஒற்றும் பஞ்சைக் களத்தில் எறிந்து தோல்வியை அறிவித்தார். உலகப் பட்டத்துக்காக வெறுங்கையுடன் நடந்த கடைசிப் பெருஞ்சண்டை அதுவே. தோழன் ஒருவன், வீரனின் விருப்பத்துக்கு மாறாக, அவனுக்காகத் தோல்வியை ஏற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாடு ஒலிம்பியாவில் இருந்திருந்தால் அரிகியோன் பிழைத்திருப்பார், முடியை இழந்திருப்பார்.

குவின்ஸ்பெரி பிரபுவின் பெயரால் 1867-இல் வெளிவந்த விதிகள் கையுறையையும், மூன்று நிமிடச் சுற்றையும், பத்து எண்ணும் வழக்கத்தையும் கொண்டுவந்தன. 1892-இல் நியூ ஆர்லியன்சில் கையுறையணிந்த ஜேம்ஸ் கார்பெட், அதே சல்லிவனை 21-ஆவது சுற்றில் வீழ்த்தினார். பழைய முறை அத்துடன் மறைந்தது எனலாம். கையுறை வந்ததால் சண்டை மென்மையாயிற்று என்று பொதுவாக எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. வெறுங்கையால் மண்டையோட்டைக் குத்தினால் குத்துபவனின் கை எலும்பு முறியக்கூடும். ஆகவே அவன் இடம் பார்த்துக் குத்தினான். கையுறை காத்தது கையை. அதன் பின்னர் தலையே முதல் இலக்காயிற்று. பத்து எண்ணும் வரை எழாதவன் தோற்றான் என்றால், எதிரியை அறிவிழக்கச் செய்வதே வெற்றிக்குக் குறுக்குவழி என்றாகிறதன்றோ?

1982 நவம்பரில் லாஸ் வேகாசில் ரே மான்சினியுடன் பொருத கொரிய வீரர் கிம் டுக் கூ 14-ஆவது சுற்றில் வீழ்ந்தார். மயக்கம் தெளியாமலே சில நாட்களில் இறந்தார். அதன்பின் பட்டப் போட்டிகளை 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைக்கும் வழக்கம் தொடங்கி, சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதை ஏற்றன. எந்த விதியும் தானாக எழுதப்படுவதில்லை. பெரும்பாலான விதிகளின் அடியில் யாரோ ஒருவருடைய உடல் கிடக்கிறது.

இதற்கு எதிராக ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். கருநாடகத்தில் வாழும் நம்மவர் பலர் அதைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பர். மைசூர் தசராவில், விஜயதசமியன்று, யானை ஊர்வலம் புறப்படுமுன் அரண்மனை முற்றத்தில் வஜ்ரமுஷ்டிப் போர் நடைபெறுவது வழக்கம். ஜெட்டிகள் எனப்படும் மல்லர் குலத்தார், தலையை மழித்துக்கொண்டு, கையில் கூர்முனைகள் கொண்ட வஜ்ரமுஷ்டியைப் பிடித்து எதிரெதிரே நிற்பர். இவர்கள் ஜ்யேஷ்டிமல்லர் என்னும் பழைய வகுப்பினர். மல்லர்களின் பயிற்சியையும் உணவையும் பற்றிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டிலேயே மானசோல்லாசத்தில் விரித்து எழுதியிருக்கிறான். பார்ப்பவர்க்கு இரத்தம் உறையும். ஆனால் போர் தொடங்கிச் சில விநாடிகளிலேயே முடிந்துவிடும். எவன் தலையிலாவது முதல் துளி இரத்தம் தென்பட்டால் நடுவர் குறுக்கே புகுந்துவிடுவார். ஆயுதம் கொடியது, ஆனால் எல்லை மிக அருகில் வைக்கப்பட்டிருக்கிறது. முதன்முறை காண்போர் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லக்கூடும். மென்மையான கையுறையோடு 12 சுற்று தலையில் குத்துவதையும் இதையும் மருத்துவர் ஒருவர் தராசில் வைத்தால், எந்தத் தட்டுத் தாழும் என்பது நமக்கு ஐயமே.

எல்லையை அருகில் வைப்பதில் கீழ்த்திசையார் வல்லவர். ஜப்பானியரின் சுமோவில், பாதத்தைத் தவிர உடலின் எந்தப் பகுதி தரையில் பட்டாலும் தோல்வி, 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலும் தோல்வி. பெரும்பாலான போட்டிகள் சில விநாடிகளில் தீர்ந்துவிடுகின்றன. தலைமை நடுவர் இடுப்பில் ஒரு குறுவாள் செருகியிருப்பார். தீர்ப்புத் தவறினால் உயிரையே தரச் சித்தமாக இருக்கிறேன் என்பது அதன் பொருள். இவ்வளவு உறுதி செய்த பிறகும் தவறு நேரத்தான் செய்தது. 1969 மார்ச்சில், தொடர்ந்து 45 வெற்றிகள் பெற்றிருந்த மாவீரர் தைஹோ, தோதா என்பவரிடம் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. தோதாவின் கால்தான் முதலில் வெளியே பட்டது என்பதைப் படக்கருவி காட்டிவிட்டது. தீர்ப்பு மாறவில்லை, ஆனால் அதே ஆண்டு மே மாதம் முதல் நடுவர்கள் ஒளிப்பதிவைத் துணைக்குக் கொள்ளலாயினர்.

மங்கோலியரின் பொஹ் மற்போரில் எல்லைக்கோடு என்பதே இல்லை. எடை வகுப்பும் இல்லை. புல்வெளியில் எங்கே வேண்டுமானாலும் இழுத்துச் செல்லலாம். பாதமும் கையும் தவிர வேறெது தரையில் பட்டாலும் முடிந்தது. நாம் மிகவும் விரும்புவது அதன் பிறகு நடப்பதை. தோற்றவன் வென்றவனின் கைக்குக் கீழே குனிந்து நடந்து செல்கிறான். வென்றவன் கைகளை விரித்துக் கழுகைப் போல் ஆடுகிறான். தோல்வியைச் சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. நடுவர் தீர்ப்பைவிட இந்த நடை பலருடைய மனத்தையும் ஆற்றும்.

ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ ஓர் ஆசிரியர். 1882-இல், தோக்கியோவிலுள்ள ஒரு பௌத்தக் கோயிலில், சில மாணாக்கரோடு அவர் கோதோகான் பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜுஜுத்சுவில் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் உரிய பிடிகள் பல இருந்தன. கானோ அவற்றைப் பயிற்சிச் சண்டையிலிருந்து நீக்கினார். மாணவனுக்கு முதலில் கற்பித்தது விழுவதற்கு. அதன் பிறகே வீழ்த்துவதற்கு. கழுத்து நெரிபடும்போதோ மூட்டு முறுகும்போதோ உள்ளங்கையால் தரையையோ எதிரியின் உடலையோ தட்டினால் போதும். பிடித்தவன் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். கிரேக்கன் உயர்த்திய அதே கைதான். ஆனால் இங்கே அதை உயர்த்துவதில் இழிவு இல்லை. ஒரு நாளில் பத்து முறை தட்டியவன் மறுநாளும் பயிற்சிக்கு வருகிறான், பிழைத்திருப்பதால் மேலும் கற்கிறான். கானோவின் பெரிய கண்டுபிடிப்பு எது என்று நம்மைக் கேட்டால், எந்த வீச்சையும் சொல்ல மாட்டோம். இந்தத் தட்டலையே சொல்வோம்.

1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம் பெற்றது. எடை வரம்பில்லாப் பிரிவின் இறுதியில், ஜப்பானின் கமினாகா அகியோவை நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் தரையோடு அழுத்திப் பிடித்து வென்றார். தம் நாட்டுக் கலையில் தம் நாட்டிலேயே அயலான் வென்றதைக் கண்டு அரங்கம் வாயடைத்துப் போயிற்று. நெதர்லாந்து ஆதரவாளர்கள் களிப்பு மிகுந்து களத்துள் ஓடிவர முயன்றனர். கீசிங்க், எழுமுன்னரே, கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். கமினாகா இன்னும் அருகில்தான் இருந்தார். கானோ 1938-இலேயே இறந்துவிட்டார். இருந்திருந்தால் அவர் எந்தப் பக்கம் மகிழ்ந்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இனி நம் குஸ்திக்கு வருவோம். 1910-இல் காமா என்னும் பஞ்சாபிப் பயில்வான் தம் தம்பி இமாம் பக்ஷுடன் இலண்டன் சென்றார். உயரத்தில் பெரியவர் அல்லர் என்பதால் அங்கே முதலில் அவரை மதிப்பாரில்லை. ஆகஸ்டில் அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலரை அவர் எளிதில் வீழ்த்தவே, பேச்சு மாறியது. செப்டம்பர் 10-ஆம் நாள் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கத்தில், போலந்தின் பேருடல் மல்லர் ஸ்தானிஸ்லாவ் ஸ்பிஸ்கோவுடன் போட்டி ஏற்பட்டது. 250 பவுன் பணயமும் ஒரு பட்டயக் கச்சையும் பரிசு.

தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா ஸ்பிஸ்கோவைக் கீழே தள்ளினார். தள்ளப்பட்டவர் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான், பிறகு எழவில்லை. காமா இழுத்தார், புரட்டினார், கழுத்தில் கை கொடுத்துத் தூக்கினார். அந்தப் பெரிய உடல் பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இந்த நிலை நீடித்தது. தோள்கள் இரண்டும் பாயில் படவில்லை. ஆகவே ஸ்பிஸ்கோ தோற்கவில்லை. அவர் வெல்ல முயன்றதாகச் சொல்வாரும் இல்லை. பொழுது சாய்ந்தது, சமன் என்று அறிவித்து, 17-ஆம் நாள் மீண்டும் மோதுமாறு ஏற்பாடு செய்தனர். அன்று காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கு உரியதாயிற்று.

மீசையில் மண் ஒட்டாத கதையை இலண்டனிலேயே நடத்திக் காட்டிவிட்டார் அந்தப் போலந்துக்காரர். அவரைக் கோழை என்று அன்றைய கூட்டம் இகழ்ந்தது; நாம் அவ்வளவு விரைந்து தீர்ப்புச் சொல்ல மாட்டோம். தோள் பட்டால் தோல்வி என்று விதி சொன்னது. தோள் படாமல் அவர் காத்தார். விதியில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அவர். ஓட்டையை வைத்தவர் அவரல்லர். முயலாமல் கிடப்பதும் தோல்வியே என்று அந்நாளில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

அதை எழுத வேண்டிய கட்டாயம் இரண்டே ஆண்டில் வந்தது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில், இடைஎடைப் பிரிவின் அரையிறுதியில், உருசியப் பேரரசின் சார்பாக வந்த எஸ்தோனியர் மார்ட்டின் கிளைனும் பின்லாந்தின் அசிகைனனும் 11 மணி 40 நிமிடம் பொருதனர். வென்றவர் கிளைன். ஆனால் இறுதிப் போட்டிக்கு அவரால் எழுந்து நிற்கவும் இயலவில்லை. தங்கம் சுவீடனின் யோகான்சனுக்குப் போயிற்று. மற்றொரு பிரிவில் சுவீடனின் ஆல்கிரெனும் பின்லாந்தின் போலிங்கும் ஒன்பது மணி நேரம் முடிவின்றிப் போராடினர். நடுவர்கள் இருவருக்கும் வெள்ளி கொடுத்தனர், தங்கம் எவருக்கும் இல்லை. இதன் பின்னர் மற்போருக்குக் காலவரையறை வந்தது, புள்ளிகள் வந்தன, செயலற்றுக் கிடப்பவனுக்கு எச்சரிக்கையும் தண்டமும் வந்தன. இன்று ஒரு போட்டிக்கு ஆறே நிமிடம். தயங்கி நிற்கும் மல்லனை நடுவர் எச்சரிப்பார். பின்பு அவன் 30 விநாடிக்குள் புள்ளி எடுக்காவிட்டால் எதிரிக்கு ஒரு புள்ளி. இன்றைய விதியின்கீழ் ஸ்பிஸ்கோ தேநீர் ஆறுமுன் தோற்றிருப்பார்.

1928 சனவரியில் இருவரும் பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தனர். இருவருக்கும் ஏறத்தாழ ஐம்பது வயது. மகாராஜா பெரிய அரங்கம் அமைத்திருந்தார், மக்கள் திரண்டிருந்தனர். களம் இந்த முறை மண். ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது. 18 ஆண்டு வழக்குக்கு ஒரு நிமிடத் தீர்ப்பு! நாட்டுப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் வாழ்ந்த காமா, 1960-இல் லாகூரில் இறந்தார்.

மண்ணிலிருந்து பாய்க்கு மாறுவது நம் மல்லர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. மண்ணில் சித் ஒன்றே முடிவு. எவ்வளவு நேரமானாலும் பொறுத்திருந்து, எதிரியைக் களைக்கச் செய்து, ஒரே வீச்சில் மல்லாத்தலாம். பாயில் ஒவ்வோர் அசைவுக்கும் எண் உண்டு, பொறுமைக்கு இடமில்லை. காலடியில் பிடிப்பும் வேறு. மகாராட்டிரத்தில் சதாரா மாவட்டத்துக் கோலேசுவர் சிற்றூரைச் சேர்ந்த கே. டி. ஜாதவ் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஆறாவது இடத்தைப் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கி செல்லப் பணம் இல்லை. ஊரார் திரட்டித் தந்தனர். கோலாப்பூரில் அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார் என்பர். அங்கே பாய்மீது பொருது அவர் வெண்கலம் பெற்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனி ஒருவர் ஈட்டித்தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. இரண்டாவது மற்போர்ப் பதக்கத்துக்கு 2008 வரை, சுசீல் குமார் வரும் வரை, நாம் காத்திருக்க நேர்ந்தது.

2004 முதல் ஒலிம்பிக்கில் மகளிர் மற்போரும் உண்டு. 2016-இல் சாக்ஷி மலிக் வெண்கலம் பெற்றார். அடுத்து நிகழ்ந்ததை நம்மில் பெரும்பாலோர் மறந்திருக்க மாட்டோம். 2024 ஆகஸ்டு 6-ஆம் நாள், பாரிசில், 50 கிலோ பிரிவில் அரியானாவின் வினேஷ் போகாட் ஒரே நாளில் மூவரை வென்றார். முதலில் அவரிடம் வீழ்ந்தவர், பிற நாட்டு மல்லர் எவரிடமும் அதுவரை தோற்றறியாத ஜப்பானின் சுசாகி. அரையிறுதியில் கியூபாவின் குஸ்மானையும் வென்று இறுதிக்கு வந்தார்.

எடை வகுப்பு என்பது மெலிந்தவரைப் பருத்தவரிடமிருந்து காப்பதற்காக ஏற்பட்டது. சுமோவும் பொஹ்வும் அதை அறியா. ஆனால் அது வந்தபின், உடலில் உள்ள நீரை வற்றச் செய்து கீழ் வகுப்பில் நுழையும் பழக்கமும் உடன் வந்தது. அந்த ஆபத்தைக் குறைக்கவே போட்டியின் இரண்டாம் நாள் காலையிலும் நிறுக்க வேண்டும் என்று விதித்தனர். அந்த விதியின் நோக்கத்தைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் 7-ஆம் நாள் காலை வினேஷின் எடை 100 கிராம் கூடியிருந்தது. ஒரு கைப்பிடி அரிசியின் கனத்துக்கு மேல் இராது. இரண்டாம் நிறுவையில் தவறியவர், முதல் நாள் என்ன செய்திருந்தாலும், கடைசி இடத்துக்குத் தள்ளப்படுவார் என்பது விதி. தோளும் தரையும், கையும் குரலும், வட்டமும் கடிகாரமும் தீர்ப்பளித்த வரலாற்றில் இந்த முறை தராசு தீர்ப்பளித்தது.

வெள்ளிப் பதக்கமாவது பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்று அவர் விளையாட்டு நடுவர் மன்றத்தை அணுகினார். 14-ஆம் நாள் மன்றம் அதை மறுத்தது. இறுதிப் போட்டி குறித்த நாளிலேயே நடந்து முடிந்திருந்தது. வினேஷின் இடத்தில் இறங்கியவர், முதல் நாள் அரையிறுதியில் அவரிடம் தோற்றிருந்த குஸ்மான். அமெரிக்காவின் ஹில்டெபிராண்ட் தங்கம் பெற்றார். வெள்ளி குஸ்மானுக்குக் கிடைத்தது.